காருக்குத் தனி ஜிபிஎஸ் வாங்க வேண்டுமா? ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஊரிலிருந்து, பணி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது. அவரிடம் 2014ஆம் ஆண்டு வாங்கிய வேகன் ஆர் கார் இருக்கிறது. மகளை மைசூரில் கட்டிக்கொடுத்திருப்பதால், மாதம் ஒரு முறையாவது மனைவியுடன் சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், சாம்ராஜ்நகர் வழியாகப் போய் வருகிறார். சில வாரங்களுக்கு முன் திரும்பி வரும்போது, ஆசனூருக்கு முன்பாகவே கைப்பேசியில் டவர் போய், வரைபடம் வெறும் சாம்பல் கட்டங்களாக மாறிவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் காட்டுக்குள் ஒரு கிளைச் சாலையில் ஆறேழு கிலோமீட்டர் தவறாகப் போயிருக்கிறார். எதிரே வந்த பால் வண்டிக்காரர் சொல்லித்தான் வழி தெரிந்திருக்கிறது. அதற்குச் சில நாள் கழித்து, ஈரோட்டில் கைப்பேசியைக் கையில் பிடித்து வழி பார்த்தபடி ஓட்டியதற்காக 1,000 ரூபாய் அபராதம் கட்டினார்.

"இனிக் கைப்பேசியே வேண்டாம், காருக்கென்று ஒரு ஜிபிஎஸ் வாங்கிவிடுவோம்" என்று முடிவு செய்து 8,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். கார் உதிரி சாமான் கடை ஒன்றில், எல்லாக் கார்களுக்கும் ஜிபிஎஸ் கட்டாயமாகிவிட்டது என்று சொல்லி, 4,500 ரூபாய்க் கருவி ஒன்றுக்கு 1,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். பணம் யுபிஐ மூலம் போனது, ரசீது தரவில்லை. அது வழி காட்டும் கருவி அல்ல, வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் டிராக்கர் என்பதை, பக்கத்து வீட்டுக் கால் டாக்சி ஓட்டுநர்தான் பிறகு எடுத்துச் சொல்லியிருக்கிறார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "அட்வான்ஸ் திரும்பாது, வேண்டுமானால் 9,500 ரூபாய் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பது கடைக்காரரின் பதில். இதற்கிடையில், ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பழைய வழிகாட்டிக் கருவியை 3,000 ரூபாய்க்குத் தருவதாக மைத்துனர் சொல்கிறார். எதை வாங்குவது, கைப்பேசியில் வழி பார்ப்பது குற்றமா, முன்பணம் திரும்புமா, கருவி காட்டிய தவறான வழியில் போய் விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

நுகர்வோர் வழக்குகளையும் மோட்டார் விபத்து வழக்குகளையும் நடத்தி வருபவன் என்ற முறையில், உங்கள் கேள்விகளின் சட்டப் பகுதிக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். கருவியைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சொல்லப்போவது, அதே சாலையில் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுபவனின் அனுபவம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்குத் தேவையான கருவி உங்கள் வீட்டிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அந்த 8,000 ரூபாயில் பெரும்பகுதியைச் செலவழிக்காமலே உங்கள் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

கையில் பிடித்ததுதான் குற்றம்

கைப்பேசியில் வழி பார்ப்பதே சட்டவிரோதம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது சரியல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றியது. வண்டி ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதில் சேர்க்கப்பட்டது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் அதே பிரிவில் இடமுண்டு. ஆனால் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், இத்தகைய கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம் என்று தெளிவாகச் சொல்கிறது.

ஈரோட்டில் உங்களுக்கு அபராதம் போட்ட காவலரைக் குறை சொல்ல முடியாது. ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறு கையில் கைப்பேசியுமாக ஓட்டுவதைக் கவனம் சிதறாத பயன்பாடு என்று எந்த நீதிமன்றத்திலும் வாதிட முடியாது. அதே கைப்பேசியை ஹோல்டரில் பொருத்தி, புறப்படும் முன்பே போகுமிடத்தைக் குறித்துவிட்டு, குரல் சொல்வதைக் கேட்டு ஓட்டுவது சட்டம் அனுமதிக்கும் செயல். தமிழிலேயே குரல் வழிகாட்டுதல் கிடைப்பதால், திரையைப் பார்க்க வேண்டிய தேவையும் குறைகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சிக்னலில் நிற்கும்போது ஹோல்டரிலிருந்து எடுத்து வாட்ஸ்ஆப் பார்த்தால், இந்த விலக்கு உங்களைக் காப்பாற்றாது.

டவர் போனாலும் ஜிபிஎஸ் போகாது

ஆசனூர்க் காட்டில் உங்கள் கைப்பேசி கைவிட்டதற்குக் காரணம் ஜிபிஎஸ் இல்லாமல் போனது அல்ல. வழி காட்டுவதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும்: நீங்கள் நிற்கும் இடமும், அந்த இடத்தின் வரைபடமும். நிற்கும் இடத்தைச் சொல்பவை, ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். அவற்றில் நான்கின் அலைகள் கிடைத்தால் போதும், கைப்பேசி தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அதற்கு சிம் வேண்டாம், இணையம் வேண்டாம், கட்டணமும் இல்லை. வரைபடம்தான் இணையம் வழியாகத் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. டவர் போனதும் அது நின்றுவிட்டது. நீங்கள் பார்த்த அந்தச் சாம்பல் கட்டங்களின் நடுவே நீலப் புள்ளி ஒன்று நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

நம்பிக்கை வர, ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டு மொட்டை மாடியில் நின்று கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வரைபடத்தைத் திறந்து ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள். நான் போன ஆண்டு பண்ணாரி சோதனைச் சாவடியிலேயே அப்படிச் செய்துவிட்டு மலை ஏறினேன். 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் புள்ளி கூடவே வந்தது. ஒரு பக்கம் மலைச்சுவர் வானத்தை மறைத்த இரண்டு மூன்று இடங்களில் மட்டும் சாலையை விட்டுக் கொஞ்சம் விலகி, அடுத்த வளைவில் சரியாகிவிட்டது. டவர் இல்லாத இடத்தில் கைப்பேசியை அணைத்து மறுபடி போட்டால் மட்டும் பொறுமை தேவை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க 30 வினாடி எடுத்துக்கொள்ளும். டவர் இருக்கும்போது அந்த விவரத்தைக் கைப்பேசி இணையத்திலிருந்து உடனே பெற்றுவிடுவதால் நமக்கு அந்தத் தாமதம் தெரிவதில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வதுதான். கூகுள் மேப்ஸில் ஈரோட்டிலிருந்து மைசூர் வரை அடங்குமாறு ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஆஃப்லைனாகச் சேமிக்கலாம். ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் வைத்திருங்கள் என்பது என் யோசனை. ஒன்று தடுமாறும் கிளைச் சாலையை மற்றொன்று சரியாகக் காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆஃப்லைனில் போக்குவரத்து நெரிசல் தெரியாது, மாற்று வழிகளும் வராது. காட்டுச் சாலையில் அவை இல்லாதது பெரிய குறையல்ல. சேமித்த வரைபடம் காலாவதியாகும் என்பதால், மாதம் ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மூன்று கருவிகளும் உங்கள் எட்டாயிரமும்

கடைக்காரர் முதலில் காட்டிய டிராக்கர் உங்களுக்கு எந்த விதத்திலும் பயன்படாது. அதில் திரை கிடையாது. வண்டி இருக்கும் இடத்தை ஒரு சிம் வழியாக வேறொரு கணினிக்கு அனுப்புவது மட்டுமே அதன் வேலை; அதாவது, உங்கள் காட்டுப் பாதையில் டவர் இல்லாதபோது அதனால் அதையும் உடனுக்குடன் செய்ய முடியாது. எல்லாக் கார்களுக்கும் கட்டாயம் என்று சொன்னதும் தவறு. இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயமாக்கப்பட்டிருப்பது டாக்சி, பேருந்து போன்ற பயணிகள் வாடகை வாகனங்களுக்கு. ஏஐஎஸ் 140 என்ற தரநிலை அவற்றுக்கானது. வெள்ளை நம்பர் பிளேட் போட்ட உங்கள் சொந்தக் காருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

மைத்துனர் தரும் ஜெர்மனிக் கருவியை நான் வாங்கமாட்டேன். இத்தகைய கருவிகளில் வரைபடம் நாடு வாரியாக ஏற்றப்படும். ஐரோப்பிய வரைபடம் உள்ள கருவிக்கு பண்ணாரி என்றால் என்னவென்றே தெரியாது. 'வாழ்நாள் வரைபடம்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், அது பொதுவாக நிறுவனம் அந்த மாடலுக்கு ஆதரவு தரும் காலத்தைத்தான் குறிக்குமே தவிர உங்கள் வாழ்நாளையோ என் வாழ்நாளையோ அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிபிஎஸ் தன் வாரக் கணக்கை 1,024 வாரங்களுக்கு ஒரு முறை சுழியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6 இரவு. அதற்குத் தயார்செய்யப்படாத பழைய கருவிகள் சில, அதன் பிறகு தேதியையும் சில நேரம் இடத்தையும் பிழையாகக் காட்டத் தொடங்கின. மைத்துனரின் மனம் நோகக் கூடாது என்றால், காசு பேசும் முன் கருவியைத் திறந்த வெளியில் வைத்து இயக்கிப் பாருங்கள். தேதி ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னால் காட்டினால், அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். அவருக்கும் காரணம் புரியும்.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ பயனுள்ள கருவிதான். திரை பெரியது, குரல் காரின் ஸ்பீக்கரிலேயே கேட்கும். ஆனாலும் அது உங்கள் வரம்பை மீறுகிறது; அதோடு, முன்பணத்தை இழக்கக்கூடாது என்பதற்காக ஒருவர் எடுக்கும் முடிவு நல்ல கொள்முதலாக அமைந்து நான் பார்த்ததில்லை. என்றாவது வாங்குவதானால், வயரை வெட்டி ஒட்டாமல் உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் மூலம் பொருத்தச் சொல்லுங்கள். தீக்குச்சிப் பெட்டி அளவில் கூடவே வரும் ஜிபிஎஸ் ஆண்டெனாவை டேஷ்போர்டுக்கு அடியில் இரும்புக்குப் பக்கத்தில் திணிக்காமல், முன் கண்ணாடியின் ஓரத்தில் வானம் தெரியுமாறு வைக்கச் சொல்லுங்கள். "ஸ்டீரியோவில் ஜிபிஎஸ் ஒழுங்காக வேலை செய்வதில்லை" என்ற புகார்களில் பல, இந்த ஆண்டெனாவை எடுத்து மேலே வைத்ததுமே தீர்ந்துவிடுகின்றன. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்து, அதன் மதிப்பை பாலிசியில் சேர்க்க வேண்டும். கார் விலையில் அடங்காத மின்னணுச் சாமான் களவுபோனால், சேர்க்காதவருக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

இவற்றுக்குப் பதிலாக நான் சொல்வது இதுதான். பெட்டியில் சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட்ஃபோன் ஒன்று வீட்டில் இருந்தால், தேவையற்ற செயலிகளை எல்லாம் அழித்துவிட்டு, வரைபடங்களை மட்டும் இறக்கி, அதைக் காருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதற்கு சிம்கூட வேண்டாம். நல்ல ஹோல்டர் ஒன்றும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் தரமான சார்ஜர் ஒன்றும் வாங்கினால் செலவு முடிந்தது. ஹோல்டர் உங்கள் பார்வையை மறைக்கவோ, ஏர்பேக் விரியும் இடத்தில் இருக்கவோ கூடாது. ஏசி காற்று வரும் துளையில் மாட்டும் வகை நம் வெயிலுக்கு ஏற்றது. கைப்பேசி சூடாகி அணைவது குறையும். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுப் போகும்போது அதை உள்ளே விட்டுவிடாதீர்கள், பேட்டரி உப்பிவிடும். பழைய கைப்பேசி இல்லையென்றால், உங்களிடம் இப்போது இருப்பதையே ஹோல்டரில் வைத்துக்கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று சிம் போட முடியாத வை-ஃபை டேப்லட் மட்டும் வாங்கிவிடாதீர்கள்; அவற்றில் பலவற்றுக்கு ஜிபிஎஸ் சில்லே கிடையாது.

கொடுத்த முன்பணம்

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்குபவர் மனம் மாறிவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் கடைக்குப் போய் "ஒரு ஜிபிஎஸ் வேண்டும்" என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்தத் தொழிலில் டிராக்கரையும் ஜிபிஎஸ் என்றே சொல்வதால், நேர்மையான குழப்பமாகவும் அது இருந்திருக்கலாம். ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "மைசூருக்கு வழி காட்டுமா என்று கேட்டேன், இந்தியா முழுக்கக் காட்டும் என்றார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாயம் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பொருளின் பயனைப் பற்றியும் அதன் தேவையைப் பற்றியும் பொய்யாகச் சொல்லி விற்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நேர்மையற்ற வணிகமுறை. தவறான தகவலை நம்பிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யவும் முடியும்.

ரசீது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். யுபிஐ பரிவர்த்தனையில் தேதியும் தொகையும் பெற்றவர் பெயரும் இருக்கின்றன. அதைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரருடன் வாட்ஸ்ஆப்பில் பேசியிருந்தால் அதையும் அழிக்காதீர்கள். அடுத்து, அவர் சொன்னவற்றையும் கருவியின் உண்மையான பயனையும் கோபமில்லாமல் ஒரு பக்கத்தில் எழுதி, 15 நாளில் பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். என் அனுபவத்தில், நேரில் மறுக்கும் கடைக்காரர்களில் பலர் இந்தக் கடிதம் கிடைத்ததும் இறங்கி வருகிறார்கள். வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவுசெய்யலாம். அதற்கும் பலனில்லையென்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை; இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தால் போதும். ஆயினும் 1,000 ரூபாய்க்காகப் பலமுறை ஈரோட்டுக்கு அலைய வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கடிதத்தோடும் 1915ஓடும் முடிந்துவிட்டால் நல்லது என்பதே என் விருப்பம். உங்களுக்காக ஏதாவது தனியாக வரவழைத்து உண்மையிலேயே செலவு செய்ததாக அவர் காட்டினால், அந்தத் தொகையை மட்டும் கழித்துக்கொள்ளச் சம்மதிப்பதில் தவறில்லை.

கருவி சொன்னதைக் கேட்டேன் என்றால்

வழி தவறிப் போனதற்காகக் காப்பீடு மறுக்கப்படாது. மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உள்ள காரணங்களைச் சட்டம் எண்ணிச் சொல்லியிருக்கிறது. உரிமம் இல்லாமல் ஓட்டுவது போன்றவை அவை. வரைபடத்தை நம்பி வேறு சாலையில் போனது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் விபத்து யாருடைய கவனக்குறைவால் நடந்தது என்று ஆராயும்போது, "கருவி அப்படித்தான் சொன்னது" என்பது உங்களைக் காக்கும் வாதம் ஆகாது. உயிரிழப்பு நேர்ந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு கேட்பது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவரைத்தான். உங்களுக்கே காயம் பட்டு நீங்கள் இழப்பீடு கேட்கும்போதும், உங்கள் பங்குக் கவனக்குறைவின் அளவுக்கு தொகை குறையும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் நம் கூடலூரில், வரைபடத்தை நம்பி வந்த கார் ஒன்று வீடுகளுக்கு நடுவே இருந்த படிக்கட்டில் இறங்கி நின்றது. அதில் யாருக்கும் ஆபத்தில்லை. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த ராமகங்கை பாலத்தில் வழிகாட்டியை நம்பிப் போன காரிலிருந்த மூன்று பேர் உயிரிழந்தார்கள். சாலை குறுகினாலோ, எதிரே வண்டியே வராமல் போனாலோ, நிறுத்தி ஒருவரைக் கேட்டுவிடுங்கள். அன்று அந்தப் பால் வண்டிக்காரரிடம் நீங்கள் கேட்டது மிகச் சரியான செயல்.

கருவிகள் சரியாகச் சொல்லும் என்று நம்பி இருக்க முடியாத இன்னொன்று, உங்கள் பாதையின் நேரக் கட்டுப்பாடு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியிலிருந்து பண்ணாரி–திம்பம் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கார்களுக்கு அனுமதி இல்லை. உள்ளூர் மக்களுக்கும் அவசர மருத்துவத் தேவைக்கும் விலக்கு உண்டு. கனரக வண்டிகளுக்கான தடை மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுவதால், அதற்குள் மலையைக் கடந்துவிட நினைக்கும் லாரிகள் பிற்பகலில் வரிசைகட்டும், வளைவுகளில் நேரம் பிடிக்கும். வரைபடம் 'இன்னும் இரண்டு மணி நேரம்' என்று காட்டினாலும் அதன்மேல் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு, மகள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஆசனூரைத் தாண்டிவிடலாம்.